கணக்கில் வராத பன்னிரண்டு ஜி.பி.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலையில் கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. இண்டக்‌ஷன் அடுப்பில் உப்புமா கிண்டி வைத்துவிட்டு ஓடினேன். கதிரேசன் சாப்பிட்டாரா தெரியாது. உப்புமாவைப் பார்த்தால் என் வீட்டுக்காரர் முகம் போகும் போக்கே தனி.

மதியம் மூன்று பத்துக்கு இரண்டாம் தளத்திலிருந்து போன். "மேடம், பெரிய ஸ்கிரீன்ல அலாரம் அடிக்கலீங்க, ஓடி வாங்க" என்று யாரோ கத்தினார்கள். நான் படியேறிப் போனபோது திரை சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஏழாம் நம்பர் படுக்கையைச் சுற்றித்தான் கூட்டம். நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார்கள்.

அது தீவிர சிகிச்சையிலிருந்து தேறியவர்களை வைக்கும் வார்டு. இருபத்திரண்டு படுக்கைகள், ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு மானிட்டர். ஓயாமல் கத்துகிறது, நோயாளி தூங்க முடியவில்லை என்று உறவினர்கள் புகார் செய்ததால், போன வருடம் தலைமாட்டுச் சத்தத்தையெல்லாம் குறைத்துவிட்டார்கள். நர்ஸ் மேசையில் இருக்கும் ஒரே பெரிய திரையில் மட்டும்தான் அலாரம் அடிக்கும். அந்தத் திரைக்குப் பின்னால் இருக்கும் சர்வர் என் பொறுப்பு. கீழ்த்தளத்தில், மருந்துக் கிடங்குக்குப் பக்கத்தில், ஜன்னல் இல்லாத அறையில் பதினோரு வருடமாக அதோடுதான் என் குடித்தனம்.

ஏழாம் படுக்கைக்காரர் பெயர் நல்லதம்பி. அறுபத்து நான்கு வயது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கி, பதினோரு நிமிடம் யாரும் கவனிக்கவில்லை. இதயத்தை மீட்டுவிட்டார்கள். நினைவு திரும்பவில்லை.

மேசையில் இருந்தவர் பூங்கோதை சிஸ்டர். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். "அலாரம் அடிக்கவே இல்லீங்க மேடம். ஸ்கிரீன்ல தொண்ணூத்தாறுன்னே நின்னுட்டு இருந்துச்சு. நானென்ன கண்ணு தெரியாதவளா?" நர்சிங் சூப்பரின்டெண்டன்ட் பக்கத்திலேயே நின்று, "சத்தம் தொந்தரவா இருக்குன்னு நீங்க அமுத்தியிருப்பீங்க" என்றார். திரையில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதைத் தொட்டால் அலாரம் அடங்கிவிடும். தொட்டதற்குப் பதிவு எதுவும் இருக்காது.

என் மேனேஜர் நாச்சிமுத்து சார் சர்வரை ஒருமுறை நிறுத்தி ஓட்டச் சொன்னார். ஆறு மணிக்குச் செய்தேன். சர்வர் தானாகவே எழுதி வைக்கும் பதிவைத்தான், "லாக் பார்த்தியாம்மா?" என்று கேட்டார். பார்த்தேன் சார் என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து திரைச்சீலைகளைக் கழற்றி ஊற வைத்தேன். "போன வாரந்தான துவைச்ச?" என்றார் கதிரேசன். ஆமாம், போன வாரம்தான் துவைத்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

பூங்கோதை சிஸ்டரை விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பத்தொன்பது வருட சர்வீஸ். பதினான்காம் தேதி விசாரணைக் குழு உட்காரும். "சர்வர் நல்லா இருந்துச்சுன்னு ஒரே பக்கத்துல ஒரு ரிப்போர்ட் குடு கோமளா. ரொம்ப நோண்ட வேண்டாம்" என்றார் நாச்சிமுத்து சார். நோண்டுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பதை அவர் எப்போதும் மறந்துவிடுவார்.

ஒவ்வொரு நாளும் பத்து மணிக்கு மெமரி ரிப்போர்ட் எடுப்பது என் வழக்கம். எந்த ப்ராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் எந்த நிரல், எவ்வளவு மெமரி பிடித்திருக்கிறது என்று அது சொல்லும். இதையெல்லாம் கெர்னலிடமிருந்துதான் வாங்க வேண்டும். கணினியின் அடியில் உட்கார்ந்து எல்லாருக்கும் இடம் ஒதுக்குவது கெர்னல்தான். ஒவ்வொரு ப்ராசஸுக்கும் ஒரு எண் கொடுத்து, அந்த எண்ணில் ஒரு ஃபோல்டர் திறந்து வைத்திருக்கும். அதற்குள் பார்த்தால் அதன் ஜாதகமே இருக்கும்: பெயர், யார் ஓட்டியது, எவ்வளவு பிடித்திருக்கிறது.

கல்யாணப் பந்தியில் இலை போட்டு உட்கார வைப்பவரைப் போலத்தான் கெர்னல். இடம் இருக்கும்வரை கேட்டவர்களுக்கெல்லாம் போடும். சுத்தமாக இடமில்லை என்றால், அதிக இடம் அடைத்து உட்கார்ந்திருப்பவர் யார் என்று பார்த்து எழுப்பி வெளியே தள்ளிவிடும். பாதிச் சாப்பாட்டில் இருக்கிறாரா, யார் வீட்டு மாப்பிள்ளை என்றெல்லாம் பார்க்காது.

இது பொதுவாக எழுதுவது. நேற்று நடந்ததைப் பற்றி அல்ல.

மொத்தம் 32 ஜி.பி. இன்று காலை 19 போயிருக்கிறது. நேற்று ஓட்டிவிட்டபோது 18.

ஆகஸ்ட் 7, வியாழன்

இருபதரை. சிலிண்டர் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இருபத்திரண்டு.

ரிப்போர்ட்டில் இருக்கும் எல்லா வரிகளையும் கூட்டிப் பார்த்தேன். பதினெட்டுதான் வருகிறது. மொத்தமாகக் கேட்டால் இருபத்திரண்டு போய்விட்டது என்கிறது கெர்னல். ஆள் ஆளாகக் கேட்டுக் கூட்டினால் பதினெட்டு. நான்கு ஜி.பி.யைக் காணோம்.

கூட்டல் அதிகமாக வந்திருந்தால் எனக்குக் கவலையே இல்லை. நாலைந்து ப்ராசஸ்கள் ஒரே பொருளைப் பொதுவில் வைத்துப் புழங்கும். கேட்டால் ஒவ்வொன்றும் அதைத் தன் பங்கில் சேர்த்துச் சொல்லும். அதனால் கூட்டல் எப்போதும் ஊதித்தான் இருக்கும். குறைந்து வந்தால் ஒரே அர்த்தம்தான். யாரோ சாப்பிடுகிறார்கள், அவர்கள் என் பட்டியலில் இல்லை.

நாச்சிமுத்து சாரிடம் சொன்னேன். "கூட்டல்ல எங்கியாச்சும் தப்பியிருக்கும்மா, இன்னொருக்கா கூட்டு" என்றார். மூன்று தடவை கூட்டிவிட்டேன். நான்காவது தடவையும் அதே பதினெட்டு.

அலாரம் நிரல் ஒன்றுதான் எங்கள் சர்வரில் பெரிய ஆள். தனியாகவே ஆறு ஜி.பி. பிடித்திருக்கிறது. இருபத்திரண்டு படுக்கைகளின் ஒரு நாள் அளவையும் கையில் வைத்திருக்கிறது அல்லவா, அதனால். பட்டியலில் முதல் வரி எப்போதும் அதுதான்.

ஆகஸ்ட் 9, சனி

இருபத்து மூன்றரை. ஒரு நாளைக்கு ஒன்றரைக்குக் கொஞ்சம் மேல், பிசகாமல் ஏறுகிறது. இப்படியே போனால் பதினான்காம் தேதி வியாழக்கிழமை மதியம் 32 நிரம்பும்.

இதற்கு முன் ஜூலை 27ஆம் தேதி மின்சாரம் போய் சர்வர் நின்று எழுந்தது. அங்கிருந்து ஒன்பதாவது நாள் ஆகஸ்ட் 5. நோட்டின் ஓரத்தில் இதை எழுதிவிட்டு, பிறகு பேனாவால் அடித்துவிட்டேன். இங்கே எதற்கு மறுபடி எழுதுகிறேன் தெரியவில்லை.

சர்வரை இன்னொரு முறை நிறுத்தி ஓட்டினால் நிலைமை கொஞ்ச நாள் தள்ளிப் போகும். கேட்டேன். இயக்குநர் டாக்டரம்மா முடியாது என்றுவிட்டாராம். விசாரணை முடியும்வரை யாரும் சர்வர் மேல் கை வைக்கக் கூடாதாம், தடயமாம். "அப்படி என்ன அவசரம்?" என்று நாச்சிமுத்து சார் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஒன்றுமில்லை சார், வழக்கமான பராமரிப்பு என்றேன். பொய் சொல்லும்போது எனக்குத் தமிழ் சுத்தமாக வருகிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஞாயிறும் போனேன். இருபத்தைந்து. வார்டுக்குப் போய் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன். எண்கள் மாறிக்கொண்டே இருந்தன. 97, 96, 97. ஒரே எண் இரண்டு விநாடி நின்றாலும் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

பத்தாம் படுக்கையில் ஒரு பெண் கணவனுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "டெக்னீசியனுங்களா? எங்கூட்டுக்காரருக்கு நல்லாத்தான காட்டுது?" என்று கேட்டாள். நல்லாத்தான் இருக்கு என்றேன். ஒரு சுளை கொடுத்தாள். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே கீழே வந்தேன்.

வீட்டில் குக்கர் விசில் அடித்ததும் கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன். "என்ன கோமளா, இருவது வருசமா அடிக்கிற விசிலுதான?" என்று சிரித்தார் கதிரேசன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகையும் வரவில்லை. பயம் வந்தால் இப்படித்தான் மரத்துப் போய்விடுகிறேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

இருபத்தாறரை. பட்டியலில் பதினெட்டு. எட்டரையைக் காணோம்.

யாராவது வெளியிலிருந்து உள்ளே புகுந்து, கண்ணில் படாமல் ஏதாவது ஓட்டுகிறார்களோ என்று காலை முழுவதும் தேடினேன். இல்லை. எங்கும் உடைத்த தடம் இல்லை. இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். திருடன் என்று கை காட்ட ஒருவன் கிடைத்திருப்பான்.

மதியம் வார்டுக்குப் போய், ஒரு டெஸ்டிங் இருக்கிறது, எல்லாப் படுக்கையின் தலைமாட்டுச் சத்தத்தையும் கூட்டி வையுங்கள் என்று பணியில் இருந்த சிஸ்டரிடம் சொன்னேன். "எத்தன நாளைக்குங்க மேடம்?" என்றார். வியாழக்கிழமை வரைக்கும் என்றேன். இரண்டு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. உறவினர்கள் சத்தம் போட, சூப்பரின்டெண்டன்ட் வந்து எல்லாவற்றையும் குறைத்துவிட்டார். "கம்ப்யூட்டர்க்காரம்மாவுக்கு வார்டுல என்ன சோலி?" என்று கேட்டாராம்.

உண்மையைச் சொல்லியிருந்தால் குறைத்திருக்க மாட்டார். அது எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இருபத்தெட்டு. பயமாக இருக்கிறது. வேறு எதுவும் எழுத வரவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

நல்லதம்பி இன்று காலை ஒன்பது மணிக்கு இறந்துவிட்டார். மருந்துக் கிடங்கில் சொன்னார்கள். அவருடைய ஒரே மகள் தேன்மொழி கீழே ஆம்புலன்ஸ் பக்கத்தில் நின்று போனில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். "ரேசன் கடை தாண்டி லெஃப்ட்ல வாங்க, மாமா" என்று நிதானமாகச் சொன்னாள். இருபத்தைந்து வயதிருக்கும். அவளைக் கடந்துதான் என் அறைக்குப் போக வேண்டும். சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனேன்.

முப்பது. பட்டியலில் பதினெட்டு. பன்னிரண்டு ஜி.பி.யைக் காணோம். இன்னும் ஒரு நாள்.

பட்டியலை நம்புவதை விட்டுவிட்டு, கெர்னலின் ஃபோல்டர்களை நானே எண்ணினேன். எட்டு நாளுக்கு முன்பே செய்திருக்க வேண்டியது. என் ரிப்போர்ட்டில் 312 வரிகள். ஃபோல்டர்கள் பதினோராயிரத்து நானூற்றுச் சொச்சம்.

பதினோராயிரம் பேர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள், எனக்குத் தெரியாமல். நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டேன். ஜன்னல் இல்லாத அறையில் அதற்கு மேல் எங்கே ஓடுவது?

உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு எண்ணைத் திறந்தேன். நிரலின் பெயர்: காவல். ஓட்டியவர்: கோமளா. இன்னொன்றைத் திறந்தேன். காவல், கோமளா. நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று. கோமளா, கோமளா, கோமளா. ஒவ்வொன்றும் ஒரு ஜி.பி.யில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் பிடித்திருக்கிறது. கொசு அளவு. பதினோராயிரம் கொசு.

இப்போது எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். காவல் நான் எழுதிய சின்ன நிரல். நிமிடத்துக்கு ஒருமுறை ஓடி, அலாரம் நிரல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும். செத்திருந்தால் எழுப்பிவிடும். பார்த்து முடித்ததும் எல்லாம் நலம் என்று எனக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவிட்டு முடிந்துவிடும். ஜூலைக் கடைசியில் பழைய மின்னஞ்சல் சர்வரை நிறுத்தினோம். நிறுத்தியதும் நான்தான். காவலுக்குப் புது முகவரி சொல்ல மறந்துவிட்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு நிமிடமும் ஒரு காவல் ஓடி, தன் வேலையை முடித்து, இல்லாத சர்வரின் பதிலுக்காகக் காத்து நிற்கிறது. முடிவதே இல்லை. அடுத்த நிமிடம் இன்னொன்று வந்து பக்கத்தில் நிற்கிறது.

ஏன் பட்டியலில் வரவில்லை? இரண்டு வருடத்துக்கு முன் நாச்சிமுத்து சார், "ரிப்போர்ட்ல எல்லாம் உம் பேரே பத்து வரி வருது, பாக்கறவங்களுக்கு எதுக்கும்மா அது?" என்றார். என் பெயரில் ஓடுவதைக் காட்டாதே என்று அரை வரி சேர்த்தேன். இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். எண்ணுகிறவர் தன்னை எண்ணுவதில்லை.

அது போதாது என்று, மெமரி நிரம்பினாலும் காவலை மட்டும் கொல்லாதே என்று கெர்னலுக்கு ஒரு குறிப்பும் எழுதி வைத்திருந்தேன். காவல்காரனே செத்தால் யார் எழுப்புவது என்று யோசித்தேன். அன்றைக்கு என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சி ஒரு காபி வாங்கிக் குடித்தது ஞாபகம் இருக்கிறது. பதினோராயிரத்துக்கும் அந்தக் குறிப்பு இருக்கிறது. ஒன்றைக்கூடத் தொட முடியாமல், கெர்னல் சுற்றிப் பார்த்து, இருப்பதிலேயே பெரிய ஆளைப் பிடித்தது. அலாரம் நிரலை.

லாக்கில் அந்த வரியை மறுபடி திறந்தேன். ஆகஸ்ட் 5, மதியம் 2.52. மெமரி தீர்ந்தது, அலாரம் நிரல் கொல்லப்பட்டது. காவல் உடனே அதை எழுப்பிவிட்டிருக்கிறது. ஆனால் அது எழுந்து, இருபத்திரண்டு படுக்கைகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்துச் சேர 3.03 ஆகியிருக்கிறது. அதுவரை திரையில் பழைய எண்கள் அப்படியே நின்றிருக்கும். தொண்ணூற்றாறு.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், யாரையும் கேட்காமல், பதினோராயிரத்தையும் அழித்தேன். மின்னஞ்சல் வரியை எடுத்தேன். முப்பதிலிருந்து பதினெட்டுக்கு இறங்க நான்கு விநாடிகூட ஆகவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்தேன். எலுமிச்சை சாதம். முழுவதும் சாப்பிட்டேன், வெட்கமில்லாமல் நன்றாகப் பசித்தது.

ஆகஸ்ட் 14, வியாழன்

மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை வார்டிலேயே நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. பதினெட்டு.

இனி எவருக்கும் ஆபத்தில்லை. இதை இரண்டு தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

டாக்டரம்மா ஊரில் இல்லாததால் விசாரணையை இருபதாம் தேதிக்குத் தள்ளிவிட்டார்கள். கெர்னல் லாக் பதினான்கு நாள்தான் இருக்கும், அதற்கு மேல் பழையதைத் தானாகவே அழித்துவிடும். ஐந்தாம் தேதியின் லாக் பத்தொன்பதாம் தேதியோடு போய்விடும். இது நான் வைத்த ஏற்பாடு இல்லை. சர்வர் வந்த நாளிலிருந்தே அப்படித்தான்.

ஒரு பக்க ரிப்போர்ட்டை நாச்சிமுத்து சார் மேசையில் வைத்தேன். 312 வரிகள், கூட்டல் பதினெட்டு. "பாத்தியா, நாஞ் சொன்னேன்ல, எல்லாம் கரெக்டா இருக்கு" என்றார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றினார்கள். மிட்டாய் கொடுத்தார்கள். இன்னும் நான்கு நாள்.

ஆகஸ்ட் 16, சனி

மிக்சி ஜாரின் பிளேடு போய்விட்டது. மாற்றிக்கொண்டு வந்தேன். அலமாரியில் இருக்கும் புடவைகளையெல்லாம் எடுத்து மறுபடி மடித்து வைத்தேன். மூன்று நாள்.

"உனக்கு உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதா?" என்று கேட்டார் கதிரேசன். இல்லை என்றேன். "வேலைல ஏதாச்சும்?" அங்கேயும் ஒன்றுமில்லை என்றேன். "அப்ப எங்கிட்டயா?" என்றார் பாவம். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

பூங்கோதை சிஸ்டரைப் பார்த்தேன். பார்க்காமல் தப்பிக்க முடியவில்லை. வாக்குமூலம் எழுதிக் கொடுக்க வந்தவர், கேன்டீனில் தனியாக உட்கார்ந்திருந்தார். இளைத்துப் போயிருந்தார். நான் திரும்புவதற்குள் கூப்பிட்டுவிட்டார். எதிரில் உட்கார்ந்தேன். இரண்டு டீ சொன்னேன்.

"எழுதிக் குடுத்துட்டனுங்க மேடம்" என்றார்.

என்னன்னு சிஸ்டர் என்று கேட்டேன்.

"நாந்தான் அமுத்தியிருப்பேன்னு."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். ஏன் அப்படி எழுதினீங்க, நீங்க அமுத்தலையே என்றேன்.

"மொதல்ல நானும் அப்படித்தாஞ் சொன்னேன். சர்வர் ரிப்போர்ட்டெல்லாம் சரியா இருக்குதுன்னு காட்டுனாங்க. மிசின் பொய் சொல்லாதுல்லீங்க? அப்புறம் ஊட்ல உக்காந்து யோசிச்சு யோசிச்சு பாத்தேன். இப்ப நல்லாவே ஞாபகம் வருதுங்க. பன்னெண்டாம் பெட்டுக்காரங்க கூப்பிட்டாங்க. எந்திரிக்கறப்ப அலாரம் கத்துச்சு. இந்தக் கையால அமுத்திட்டுப் போனேன்." வலது கையை மேசைமேல் மல்லாத்தி வைத்துக் காட்டினார். "வெரலு கண்ணாடியில படறது வரைக்கும் ஞாபகம் இருக்குது."

அவர் அந்தப் பொத்தானைத் தொடவே இல்லை. அடிக்காத அலாரத்தை யார் அமுத்த முடியும்? ஒரு மனுஷி நடக்காத ஒன்றை, விரல் கண்ணாடியில் படுவது வரைக்கும், பதின்மூன்று நாளில் மனதுக்குள் உண்டாக்கிக்கொண்டார். அதற்கு ஆதாரமாக அவரிடம் காட்டியது என் ரிப்போர்ட்.

டீக்கு அவர்தான் காசு கொடுத்தார். வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கீழே வந்து, ஐந்தாம் தேதி லாக்கை முழுவதுமாகப் பிரதி எடுத்தேன். காகிதத்தில் மூன்று, பென் டிரைவில் ஒன்று. மெயிலில் டாக்டரம்மாவுக்கும் அனுப்பினேன். அனுப்பும் பொத்தானை அழுத்தியபின் கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். இத்தனை நாளும் ஆஸ்பத்திரிக்காகப் பயப்படுகிறேன், வார்டுக்காகப் பயப்படுகிறேன் என்று எழுதி வைத்திருக்கிறேன். அது பாதிதான். மீதிப் பயம் எனக்காக.

கதிரேசனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டிவியை அணைத்தார். பிறகு, "வேலை போயிருமா?" என்றார். போகும் என்றேன். "ஜெயிலு?" தெரியாது என்றேன். எழுந்து போய் எனக்குத் தட்டு வைத்தார்.

ஆகஸ்ட் 20, புதன்

பதினோரு மணிக்குக் கூட்டம். டாக்டரம்மா, சூப்பரின்டெண்டன்ட், நாச்சிமுத்து சார், வெளியிலிருந்து வந்த வக்கீல் ஒருவர். மேசையின் ஓரத்தில் பூங்கோதை சிஸ்டர். என் காகிதத்தைப் படிக்கச் சொன்னார்கள். 2.52 வரியைப் படித்தேன். காவல் என்றால் என்ன, யார் எழுதியது, ஏன் பட்டியலில் வரவில்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். பதினோராயிரத்தை நானே அழித்ததையும் சொன்னேன். கெர்னல் யாரைக் கொல்லும், யாரைக் கொல்லாது என்று விளக்கும்போது, அவர்களுக்குப் புரிவதற்காகப் பந்தி உதாரணத்தைச் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்த இடத்தில் அது அசிங்கமாகப் பட்டது.

நாச்சிமுத்து சார் தலை குனிந்து தன் பேனா மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது எங்கிட்ட சொல்லவே இல்லீங்க" என்றார் டாக்டரம்மாவிடம். உண்மைதான், சொல்லவில்லை.

சூப்பரின்டெண்டன்ட், "அப்ப சிஸ்டர் அமுத்தல?" என்றார்.

"அலாரமே அடிக்கலீங்க. அமுத்தறதுக்கு ஒண்ணுமே இல்ல" என்றேன். பூங்கோதை சிஸ்டரைப் பார்த்துத்தான் சொன்னேன். "நீங்க மொத நாள் சொன்னதுதான் நெசம், சிஸ்டர். அதுக்கப்புறம் ஞாபகம் வந்ததெல்லாம் நடக்கவே இல்ல."

அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. என்னையே பார்த்தார்.

"இது உங்களுக்கு எப்பங்க தெரியும்?"

என் தப்பு என்று தெரிந்தது பதின்மூன்றாம் தேதி. அவர் கேட்டது அதை அல்ல. 2.52 வரியை எப்போது பார்த்தேன் என்று கேட்டார். பதின்மூன்று என்று சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. இந்த நோட்டை யார் படிக்கப் போகிறார்கள்?

"அன்னிக்கே" என்றேன். "அன்னிக்கு நாலு மணிக்கே பாத்துட்டேன்."

வக்கீல் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். டாக்டரம்மா என் அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைக்கச் சொன்னார். வைத்தேன். சிஸ்டரின் சஸ்பென்ஷன் அங்கேயே ரத்தானது.

வெளியே, வண்டி நிறுத்துமிடத்தில் பூங்கோதை சிஸ்டர் தன் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். என்னை மன்னிச்சிருங்க சிஸ்டர் என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஞாயித்துக்கெழம நான் அந்த ஊட்டுக்குப் போனனுங்க" என்றார். "போட்டோவுக்கு மால போட்டு வெளக்கு வெச்சிருந்தாங்க. அந்தப் புள்ள தேன்மொழி கால்ல விழுந்தேன். எங்கையாலதான் கண்ணு உங்கப்பா போயிட்டாருன்னு சொன்னேன். அந்தப் புள்ள என்னையத் தூக்கி உக்கார வெச்சு, குடிக்கத் தண்ணி குடுத்துச்சுங்க."

அவர் ஸ்கூட்டரின் நம்பரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அந்த ஞாயித்துக்கெழமயே உங்களுக்கு எல்லாந் தெரிஞ்சிருக்குது" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. "எங்கிட்ட மன்னிப்பெல்லாம் வேண்டாங்க. நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வாரேன், ரெடியா இருங்க. அந்தப் புள்ள ஊடு எனக்குத் தெரியும்."

ஆகஸ்ட் 21, வியாழன்

ஆறே முக்கால். குளித்துவிட்டேன். கதிரேசன் தானும் வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். என்ன சொல்ல வேண்டும் என்று இரண்டு தடவை எழுதிப் பார்த்துக் கிழித்துவிட்டேன். மெமரி, கெர்னல் என்று ஆரம்பித்தால் அந்தப் பெண்ணுக்கு எதுவும் புரியப் போவதில்லை. எனக்குத் தெரியும், சொல்லவில்லை என்று மட்டும் சொல்ல வேண்டும்.

அவள் அடித்தால் வாங்கிக்கொள்வேன். போலீசுக்குப் போகிறேன் என்றால் தலையாட்டுவேன். அதற்கெல்லாம் மனதைத் தயார் செய்துவிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எனக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிடுவாளோ என்றுதான் பயமாக இருக்கிறது.

கீழே ஸ்கூட்டர் வந்து நிற்கிறது. சிஸ்டர்தான்.